நாற்கரச் சாலையின் பாதுகாப்பு: பணம் யாருடையது, பொறுப்பு யாருடையது?



நம் கடைகளில் அடுக்கியிருக்கும் சரக்கில் பெரும்பகுதி சாலை வழியாகத்தான் வந்து சேருகிறது. நாசிக் வெங்காயமும் வடநாட்டுப் பருப்பும் லாரியில் ஏறி வருகின்றன. லாரி வாடகை ஏறினால் அன்றே நமக்குத் தெரிந்துவிடுகிறது. சுங்கக் கட்டணம் உயர்ந்தால் தீர்மானம் போடுகிறோம், கண்டனம் தெரிவிக்கிறோம். அது நியாயமே. ஆனால் அந்தக் கட்டணத்துக்கு ஈடாக நமக்குக் கிடைக்கவேண்டியது என்ன, அதில் உயிர்ப் பாதுகாப்பு எவ்வளவு, அதைக் கண்காணிப்பவர் யார் என்று நாம் கேட்பது குறைவு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் இறந்தவர்களில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சாலைகளில்தான் இறந்திருக்கிறார்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். நாம் அதிகப் பணம் கட்டிப் பயன்படுத்தும் சாலைகளில்தான் அதிக உயிர்கள் போகின்றன. எனவே இந்தக் கணக்கை நாம் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

நாம் கட்டும் பணம் எங்கே போகிறது?

அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்தார்கள். அந்தப் பணத்தில் சத்திரம், கிணறு, பள்ளிக்கூடம் எழுந்தன. மகமை கொடுத்தவர் யாராயினும் கணக்கைக் கேட்கலாம். கண்ணெதிரே கட்டடமும் தெரியும். சாலைக்கு நாம் கட்டுவதும் ஒருவகை மகமைதான். ஆனால் அது ஒரே உண்டியலில் விழுவதில்லை.

முதலாவது, டீசல், பெட்ரோல் மீதான சாலை வரி. எரிபொருள் மீது வரி போட்டுச் சாலை அமைக்கும் யோசனை புதிதல்ல. 1927-இல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி 1929-இல் மத்திய சாலை நிதி உருவானது. பின்னர் 2000-ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. 2018-இல் அதன் பெயர் மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி என்று மாற்றப்பட்டது. பெயர் மாறியதோடு சாலை அல்லாத உள்கட்டமைப்புப் பணிகளுக்கும் அந்தப் பணத்தைச் செலவிட வழி செய்யப்பட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் லிட்டருக்குக் கட்டும் இந்த வரி நேராகச் சாலைக்குப் போய்விடுவதில்லை. முதலில் அது அரசின் தொகுப்பு நிதியில் சேரும். அதன்பின் நாடாளுமன்றம் ஒதுக்கீடு செய்தால்தான் சாலை நிதிக்கு வரும். ஆகவே வசூலான தொகை வேறு, ஒதுக்கப்பட்ட தொகை வேறு. பேரேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு.

இரண்டாவது, சுங்கச்சாவடிக் கட்டணம். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008-இல் வகுக்கப்பட்டன. அவற்றின்படி கட்டணம் ஆண்டுதோறும் 3 சதவீதம் உயரும். அத்துடன் மொத்த விலைக் குறியீட்டெண் உயர்வில் 40 சதவீதமும் சேரும். அரசுப் பணத்தில் போட்ட சாலையானால் வசூல் அரசுக்குப் போகிறது. தனியார் முதல் போட்டுக் கட்டிய சாலையானால், ஒப்பந்தக் காலம் முடியும்வரை வசூல் அந்த நிறுவனத்துக்கு. முன்பே பெருந்தொகை கட்டிவிட்டு, பல ஆண்டுகளுக்கு வசூல் உரிமையை எடுத்துக்கொள்ளும் முறையும் இப்போது உண்டு.

எந்த முறையானாலும் பராமரிப்பும் பாதுகாப்பும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட கடமைகளே. ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், பழுதான வண்டியை அகற்றும் கிரேன், எச்சரிக்கைப் பலகை, சாலைக் கோடுகள், ஓரத் தடுப்பு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவை யாரும் நமக்குச் செய்யும் தருமம் அல்ல. நாம் விலை கொடுத்து வாங்கிய சேவை. எடை குறைந்த மூட்டையை நாம் திருப்பி அனுப்புகிறோம். இந்தச் சேவை குறைந்தால் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

மூன்றாவது, போக்குவரத்து அபராதம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபின் இது பலமடங்கு உயர்ந்தது. இந்தப் பணம் மாநில அரசின் கணக்கில் சேருகிறது. இதில் ஒரு பகுதியைக் கொண்டு ஒவ்வொரு மாநிலமும் சாலைப் பாதுகாப்பு நிதி அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் பிறப்பித்த உத்தரவில் கூறியிருக்கிறது.

ஆக, பாதுகாப்புக்கான பணம் மூன்று வழிகளில் நம்மிடமிருந்து போகிறது. அது திரும்பி வரும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. காரணம், சாலைக்குச் சொந்தக்காரர்கள் பலர்.

ஒரே ஊர், பல முதலாளிகள்

தேசிய நெடுஞ்சாலை என்றாலே எல்லாம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த ஆணையம் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 1995-இல் செயல்படத் தொடங்கியது. ஆனால் எல்லாத் தேசிய நெடுஞ்சாலைகளும் அதன் கையில் இல்லை. சில பகுதிகளை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கிறது. ஊருக்குள் பிரிந்து செல்லும் பழைய சாலை மாநிலத் துறையிடமோ, நகராட்சியிடமோ இருக்கும். விதிமீறலுக்கு வழக்குப் போடுவது காவல் துறை. வண்டிக்குத் தகுதிச் சான்று தருவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

புறவழிச்சாலை சந்திப்பில் விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும். மின் கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்வியிலேயே மாதங்கள் ஓடும். இருட்டில் சாலையைக் கடப்பவர் இந்த எல்லைகளை அறியமாட்டார். ஆகவே எந்தக் குறையானாலும் அந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதி வேலை.

தொப்பூர் சொல்லும் பாடம்

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் வரும் சரக்கு முழுவதும் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் வரவேண்டும். வடக்கே காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. பழைய எண் 7. தருமபுரி மேட்டிலிருந்து சேலம் நோக்கித் தொடர்ந்து இறக்கம், அதில் வளைவுகள். 2020 டிசம்பரில் இங்கே ஒரு லாரி பல வண்டிகள் மீது மோதி நால்வர் இறந்தனர். 2024 ஜனவரியிலும் அதே கணவாயில் தொடர் மோதலில் உயிர்கள் பறிபோயின.

இங்கே நடப்பது என்ன? டீசல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருட்டி விடுகிறார்கள். கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியை ஓரளவு பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடுகிறது. சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் நிற்பதில்லை. பாரம் அதிகமானால் ஆபத்தும் அதிகம்.

அரசு தரப்பில் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். வேகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பும் செய்தார்கள். இவை பராமரிப்புச் செலவில் விரைவில் செய்யக்கூடியவை. ஆனால் பாதையின் சரிவும் வளைவுமே குறையாக இருக்கும்போது பலகை வைத்து அதைத் திருத்த முடியாது. உயர்மட்டப் பாலத்துடன் பாதையை மாற்றி அமைக்கும் திட்டத்தை நெடுஞ்சாலை ஆணையம் பின்னர் கையில் எடுத்தது. அப்படிப்பட்ட வேலைக்குத் திட்ட அறிக்கை, அமைச்சக ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி என்று படிகள் பல. ஆண்டுகள் பிடிக்கும். சிறு செலவு உடனே நடக்கும், பெருஞ்செலவு தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் உயிர்கள் போகின்றன. எனவே பெரிய வேலைக்கான மனுவை விபத்துகள் பெருகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

கண்காணிக்கும் கண்கள்

இந்தத் துறையில் இன்றிருக்கும் கண்காணிப்புக்கு வழிவகுத்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். விபத்துகளைத் தடுக்க நடவடிக்கை கோரி 2012-இல் அவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் பேரில் 2014-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 2017-இல் நீதிமன்றம் விரிவான உத்தரவுகளை வழங்கியது. மாநிலத்துக்கு ஒரு சாலைப் பாதுகாப்பு மன்றம், மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு, விபத்துப் பகுதிகளைக் கண்டறிந்து சீர்செய்தல், சாலைப் பாதுகாப்புத் தணிக்கை ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

விபத்துப் பகுதி என்பதற்கு அமைச்சகம் 2015-இல் ஒரு வரையறை தந்தது. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு காவல் நிலையப் பதிவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துத் தரவு முறையில் இப்போது இந்த விவரங்கள் கணினியில் ஏற்றப்படுகின்றன. நம் ஊர்களில் காயம்பட்டவருக்கு ஏதோ கொடுத்து, வழக்கில்லாமல் "பேசி முடித்துவிடும்" பழக்கம் இருக்கிறது. அப்படி முடித்தால் அந்த விபத்து ஏட்டில் ஏறாது. ஏட்டில் ஏறாத இடத்துக்கு நிதியும் வராது. பில் போடாத சரக்குக்கு இன்சூரன்ஸ் கேட்பது போலத்தான்.

பணக் கணக்கைப் பார்க்க மத்தியக் கணக்குத் தணிக்கைத் துறை இருக்கிறது. தென்னிந்தியச் சுங்கச்சாவடிகள் குறித்த அதன் அறிக்கை 2023-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சாலையை அகலப்படுத்தும் வேலை தாமதப்பட்ட காலத்தில், விதிப்படி வசூலிக்கக்கூடாத கட்டணம் சில சாவடிகளில் வசூலிக்கப்பட்டதை அது எடுத்துக்காட்டியது. ஆகவே கட்டணத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது வம்பு அல்ல; அரசின் தணிக்கையாளரே கேட்ட கேள்விதான்.

மனுவுக்கு ஒரு பலம்

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நாம் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய பிரிவு 198-ஏ. சாலையை வடிவமைப்பதிலோ, கட்டுவதிலோ, பராமரிப்பதிலோ உரிய தரத்தைக் கடைப்பிடிக்காததால் ஒருவர் இறந்தால் அல்லது ஊனமுற்றால், பொறுப்பான அதிகார அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகை சிறிதுதான். ஓர் உயிருக்கு இது ஈடாகுமா என்று கேட்பதும் நியாயமே.

ஆனால் அந்தப் பிரிவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குற்றத்தைத் தீர்மானிக்கும்போது, அந்த இடம் ஆபத்தானது என்பது சம்பந்தப்பட்ட அமைப்புக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆக, நாம் தேதி போட்டுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிய ஒரு மனு, "எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலை அடைத்துவிடுகிறது. டீக்கடைப் பேச்சுக்கு இந்த வலிமை கிடையாது. எழுத்துக்குத்தான் உண்டு.

நம் பக்கத்துக் கணக்கு

வரவை எழுதும் கை செலவையும் எழுத வேண்டும். நாமும் திருத்திக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன.

முதலில், நடுத்தடுப்பில் திறப்பு கேட்பது. நாற்கரச் சாலை வந்ததும் எதிர்ப்பக்கத்து வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற கவலை நியாயமானது. அதற்காகக் கடைக்கு நேரே தடுப்பை உடைத்து வழி விடச் சொல்வதும், சிலர் தாமாகவே இடித்துக்கொள்வதும் நடக்கிறது. வேகமாக வரும் வண்டிக்கு அங்கே ஒரு திறப்பு இருப்பது தெரியாது. அடிபடுகிறவர் பெரும்பாலும் மொபெட்டில் நம் கடைக்கு வந்தவர். கேட்க வேண்டியது சுரங்கப்பாதை, நடைமேம்பாலம், அணுகுசாலை. செலவு அதிகம், காலமும் ஆகும். ஆனால் வாடிக்கையாளர் உயிரோடு வீடு போய்ச் சேருவார். தேசிய நெடுஞ்சாலை நிலத்தை ஆக்கிரமிப்பதும், அனுமதியில்லாமல் வழி திறப்பதும் 2002-ஆம் ஆண்டு நெடுஞ்சாலை நிலக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தவறு என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்தது, சாலையோரத்தில் லோடு இறக்குவது. இரவில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் மோதி இறப்பவர்கள் பலர். சட்டமும் இதைத் தடை செய்கிறது. மண்டிகள் இருக்கும் ஊர்களில் லாரிகள் நிற்கத் தனி இடம் கேட்டுப் பெறுவது சங்கத்தின் வேலை.

மூன்றாவது, அதிக பாரம். இப்போது அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். ஓட்டியவர் மட்டுமின்றி, ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் சட்டப்படி பொறுப்பாளிகளே. "இன்னும் பத்து மூட்டை ஏற்று, விடியுமுன் வந்துவிடு" என்று நாம் சொல்லும் சொல்லும், மிச்சமாகும் டீசலைக் கணக்குப் பார்க்கும் முதலாளியின் பார்வையும்தான் டிரைவரை இறக்கத்தில் நியூட்ரலில் போகச் செய்கின்றன. டிரைவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விபத்து நடந்துவிட்டால்

நெடுஞ்சாலை ஓரத்தில் விபத்து நடந்தால் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பவர் பெரும்பாலும் கடைக்காரர்தான். போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வருமோ என்ற பயத்தில் கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டியதில்லை. உதவி செய்தவரைப் பெயர் சொல்லவோ, சாட்சி சொல்லவோ கட்டாயப்படுத்தக்கூடாது என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நெறிமுறை. 2019 திருத்தத்தில் 134-ஏ பிரிவாக அதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 108 ஆம்புலன்ஸ் எண் எல்லாருக்கும் தெரியும். தேசிய நெடுஞ்சாலைக்கென 1033 என்ற எண்ணும் இருக்கிறது. கடைச் சுவரில் இரண்டையும் பெரிதாக எழுதி வையுங்கள்.

சிகிச்சைச் செலவைப் பற்றி: தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைச் செலவை அரசே ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டப்படி ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா சிகிச்சை உண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்ற இழப்பீட்டுத் திட்டம் 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நம் கடைச் சிப்பந்தி, சுமை தூக்கும் தொழிலாளி, டிரைவர், கிளீனர் ஆகியோர் வீடுகளில் இவை தெரியாமலே பலர் கடன் வாங்கிச் செலவழிக்கிறார்கள். இவற்றைத் தெரிவிப்பது நம் கடமை.

சங்கங்கள் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் எல்லைக்குள் ஆபத்தான இடங்களைப் பட்டியல் எடுக்கட்டும். பட்டியல் நீளமாக வேண்டாம். இரண்டு மூன்று இடம் போதும். கிலோமீட்டர் கல் எண், குறை என்ன, எந்த நேரத்தில் ஆபத்து, எத்தனை விபத்து என்று எழுதுங்கள். விபத்து எண்ணிக்கை கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். மனுவை நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கு அனுப்புங்கள். நகலைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்தில் வைக்கக் கோருங்கள். அங்கேதான் காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து, மருத்துவம் ஆகிய துறைகள் ஒரே மேசையில் உட்காருகின்றன. அவர் பொறுப்பு, இவர் பொறுப்பு என்று அங்கே தட்டிக் கழிப்பது கடினம்.

உடனே செய்யக்கூடியதையும், நாள் பிடிக்கும் வேலையையும் தனித்தனியே கேளுங்கள். விளக்கும், கோடும், பலகையும் இந்த மாதத்துக்கு. சுரங்கப்பாதை அடுத்த திட்டத்துக்கு. மூன்று மாதம் கழித்துப் பதில் வராவிட்டால், முதல் மனுவின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவது மனு போடுங்கள். ஒப்புகைச் சீட்டுகளைச் சங்கக் கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

வசூலுக்கு வராத பாக்கியை நாம் எத்தனை முறை நடந்து கேட்கிறோம்? சாலைப் பாதுகாப்பும் நாம் முன்பணம் கட்டிவிட்டு நிற்கும் பாக்கிதான். பொறுமையாக, எழுத்து மூலமாக, விடாமல் கேட்போம்.